மூச்சு வாத்தியாருக்குச் சீட்டு கிழிந்தது

அரியலூர் சடுகுடு செட்டின் மூச்சு வாத்தியாருக்குச் சீட்டு கிழிந்துவிட்டது என்ற செய்தி ஸ்டேஷன் ரோட்டுக் காபி கிளப்புக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. யுத்தத்தால் சர்க்கரை கிடைக்காமல் வெல்லக் காபி குடித்துக்கொண்டிருந்த கூட்டம் அது. சர்க்கரைமேல் இருந்த கோபத்தையும் சேர்த்து வாத்தியார் தலையில் கொட்டியது.

“தொலைஞ்சான்.”

“இத்தன நாளு வெச்சுச் சோறு போட்டதே தப்பு.”

“எழவு வூட்டுக்குப் பந்தல் போட வந்தவனாட்டம் நிப்பான்யா. அந்த மூஞ்சியப் பாத்துட்டு ஆடப் போனா எப்படி ஜெயிக்கிறது?”

எல்லோரும் பேசி ஓய்ந்து வைரக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. டம்ளரில் ஒரு மிடறு பாக்கி இருந்தது. அதை நிதானமாகக் குடித்தான், துண்டால் வாயைத் துடைத்தான், துண்டை உதறித் தோளில் போட்டான். அவனுக்கு என்ன அவசரம்? மற்றவர்கள் சொன்னதெல்லாம் அந்த பெஞ்சோடு போய்விடும், தான் சொல்வதுதான் நாளைக்கு ஊரெல்லாம் சுற்றும் என்று அவனுக்குத் தெரியும்.

“கழுத்தளவு தண்ணியில நின்னு பாடினா மூச்சு வளரும்னு நம்ம பசங்கள ஏரிக்குள்ள எறக்கி வுட்டானே அந்தாளு,” என்றான். “நம்மூரு எருமைங்க வருஷம் பூரா அந்த ஏரிக்குள்ளதான் நிக்குது. ஒண்ணாச்சும் பெரம்பலூர ஜெயிச்சிருக்கா?”

காபி கிளப் கிடுகிடுத்தது. முதலாளி கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். கொளஞ்சி தொடையைத் தட்டினான். “எருமைங்க! ஒண்ணாச்சும் ஜெயிச்சிருக்கான்னு கேக்குறாரு மாமா!” கொளஞ்சி வண்டிப்பேட்டையில் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன். வைரக்கண்ணு எதைச் சொன்னாலும் அதை இன்னொரு முறை சொல்லிச் சிரிப்பதுதான் அவனுக்குத் தெரிந்த நகைச்சுவை. அதனாலேயே வைரக்கண்ணு அவனைப் பக்கத்தில் வைத்திருந்தான்.

இந்தச் சிரிப்புதான் வைரக்கண்ணுவின் சொத்து. வேறு சொத்து அவனுக்குக் கிடையாது. பகலெல்லாம் கடலை மண்டியில் எடை போடுகிற வேலை. ஒன்று என்று சொல்லாமல் “லாபம்” என்று தொடங்கி, ரெண்டு, மூணு என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். மூட்டைக்காரனுக்கு வேண்டியது எண்ணிக்கை. அதைக் கத்துகிறவன் வைரக்கண்ணா, வேறு எவனாவதா என்று திரும்பிப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. வீட்டிலோ, அவன் பேச ஆரம்பித்தால் பெண்டாட்டி கலியம்மாள் அம்மிக் குழவியை இன்னும் கொஞ்சம் பலமாக இழுப்பாள். அவனை ஒரு மனிதனாக மதித்த இடம் உலகத்திலேயே ஒன்றுதான். சடுகுடு களத்தின் ஓரத்தில், புங்கமரத்தடியில், நடுக்கோட்டுக்கு நேராக அவனுக்கென்று ஓர் இடம் விட்டிருப்பார்கள். அவன் பக்கத்தில் உட்காருவதற்குத் தள்ளுமுள்ளு நடக்கும். ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் பாதி, வைரக்கண்ணுவைக் கேட்க வந்தவர்கள் பாதி. அந்த இடம் போனால் தான் வெறும் தராசுக்கல் என்பது அவனுக்கே நன்றாகத் தெரியும்.

அந்த ரசிகக் கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஒருவன்கூடத் தன் வாழ்நாளில் கோட்டைத் தாண்டிப் பாடிப் போனவன் இல்லை. ஸ்டேஷன் மேம்பாலம் ஏறினாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறவர்கள். ஆனால் பாடிப் போகிறவன் எங்கே கால் வைத்திருக்க வேண்டும், எப்போது திரும்பியிருக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னால் அசராமல் சொல்வார்கள். தோற்றுவிட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். பெரம்பலூரிடம் மூன்று வருஷமாகத் தோற்றுத் தோற்று, அந்தக் கலையில் அவர்கள் கரை கண்டிருந்தார்கள்.

மூச்சு வாத்தியார் அமிர்தசாமி ஏலாக்குறிச்சிக்காரர். மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிறவர், ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். எதிராளியின் எல்லைக்குள் நுழைந்து, ஆளைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டுக்குத் திரும்பும்வரை பாட்டு அறுந்துவிடக் கூடாது அல்லவா? அந்த ஒற்றை மூச்சை நீட்டிக் கொடுப்பதுதான் அவர் வேலை. உடம்பு வளைய, மடக்கிப் பிடிக்க வேறு ஆள் சொல்லிக் கொடுத்தார். இவர் மூச்சுக்கு மட்டும். தண்ணீரில் நிறுத்துவார், மண்மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாடச் சொல்வார். பாட்டும் பெரிய பாட்டு இல்லை. சடுகுடு, சடுகுடு, அவ்வளவுதான். அதைக்கூட மெதுவாகச் சொன்னால் போதும் என்பார்.

இதையெல்லாம் அரியலூர் மன்னித்திருக்கும். அவர் முதுகை மட்டும் மன்னிக்கவில்லை. ஆட்டம் நடக்கும்போது ரசிகர்களுக்கு முன்னால் கோட்டோரத்தில் நிற்பார். நின்றால் நின்றதுதான். பின்னால் ஊரே குலுங்கிச் சிரித்தாலும் ஒரு தடவை திரும்பமாட்டார். வைரக்கண்ணு தன்னிடமிருந்த நல்ல சரக்கையெல்லாம் அந்த முதுகைப் பார்த்தே எறிந்தான். அந்தத் தோள் ஒரு முறையாவது குலுங்காதா என்று பார்த்தான். குலுங்கவில்லை. “திமிரு புடிச்சவன். உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டு வெளியில காட்டிக்க மாட்டேங்கிறான்,” என்று கொளஞ்சியிடம் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

எருமைச் சிரிப்பு அடங்குவதற்குள் காபி கிளப் வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. இறங்கியவர் செட்டின் பிரசிடெண்ட் சிங்காரவேலு. உடையார்பாளையத்துப் பக்கம் நிலபுலமும் அரியலூரில் அரிசி மில்லும் உள்ளவர். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

“என்னப்பா வைரக்கண்ணு, நான் செஞ்சது சரிதானா?”

“காலங்கடந்து செஞ்சாலும் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க ஐயா.”

“எல்லாம் நீ சொல்லிச் சொல்லித்தானப்பா. வருஷக்கணக்கா ஒன் வாயிலேர்ந்துதான் கேக்குறேன், அந்தாளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. அப்ப ஒனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல? அடுத்த மாசம் பெரம்பலூர் மேச்சு. நீயே வாத்தியாரா இருந்து சொல்லிக் குடு.”

பெஞ்சுகளில் கைதட்டல். பிரசிடெண்ட் ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை. அவருடைய தொப்பையையும் மில்லின் கல் அரிசியையும் வைரக்கண்ணு களத்தில் விட்டுவைத்ததில்லை. அதெல்லாம் அவர் காதுக்குப் போகாமலா இருந்திருக்கும்? ஆனால் கைதட்டல் காதில் விழுந்துகொண்டிருக்கும்போது எவன் யோசிப்பான்? வைரக்கண்ணு மார்பில் கை வைத்துக் குனிந்து ஏற்றுக்கொண்டான்.

வீட்டுக்குப் போய்க் கலியம்மாளிடம் சொன்னான். அவள் அம்மியை நிறுத்தினாள். அதுவே பெரிய மரியாதை.

“வாத்தியாரா? அப்படின்னா மேச்சு நடக்கும்போது நீ முன்னால நிக்கணும்ல?”

“ஆமா.”

“அப்ப பேச முடியாதே. பேசாம நீ எப்படி இருப்ப?”

“ஒனக்கு என்னடி தெரியும்,” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனான். பெண்டாட்டி சொன்னதில் ஏதோ ஒன்று குத்தியது, ஆனால் எது என்று அவன் நின்று பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அமிர்தசாமி பஸ்ஸுக்காக மண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். வைரக்கண்ணு தராசை விட்டுவிட்டு வேலை மெனக்கெட்டு வெளியே வந்தான். ஆள் வெந்துபோயிருப்பார், அதைக் கொஞ்சம் பார்த்து ரசிக்கலாம் என்று ஆசை.

“எனக்கு ஏதாச்சும் சொல்றதுக்கு இருக்கா வாத்தியாரே?”

“ஒண்ணுமில்லீங்க,” என்றார் அமிர்தசாமி. “பெரம்பலூர் மேச்சுக்கு நானும் வரலாம்னு இருக்கேன். ஆட்டத்த இதுவரைக்கும் ஒக்காந்து பாத்ததே இல்ல. பஸ்ஸு எத்தன மணிக்குக் கௌம்புதுன்னு தெரியுமா?”

வைரக்கண்ணு ஏமாந்துபோய் உள்ளே வந்தான். அவ்வளவு வருஷத்து வாத்தியார் வேலை போனதற்குக் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் வேண்டாமா?

பயிற்சியை அவன் தலைகீழாக மாற்றினான். ஏரி வேண்டாம், மூட்டை வேண்டாம். “சடுகுடுன்னு மொணமொணத்துக்கிட்டுப் போனா எவன்டா பயப்படுவான்? பாட்டுல சூடு வேணும். கேட்ட மாத்திரத்துல பெரம்பலூர்க்காரன் தலையத் தொங்கப் போடணும்.” சூடு போடுவதற்கு அவனைவிட்டால் யார்? ராத்திரியும் பகலும் யோசித்து ஒரு பாட்டுக் கட்டினான்.

“வரகஞ்சோத்து வயிறுகளா,
வாய்பிளந்த சாக்குகளா,
தொறையூருச் சந்தையில
தொலைஞ்சுபோன கழுதைகளா!”

செட்டில் முதல் ஆட்டக்காரன் பிச்சைமுத்து. கிணறு வெட்டுகிறவன். ஒரு கழுதை சுமக்கிற மண்ணை ஒரே கூடையில் தூக்குவான். நெஞ்சு பெரிசு, ஞாபகம் சிறிசு. பாட்டைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான்.

“நாலு வரி சாஸ்தியா இருக்குங்களே. ரெண்டு போதாதுங்களா?”

“ரெண்டு வரியில என்னய்யா திட்ட முடியும்? அடுக்கிக்கிட்டே போகணும். நாலாவதுலதான்யா உசுரே இருக்கு.”

“அத நீங்க சொன்னா நல்லாருக்கு. அங்க போயி எனக்கு வரணுமே.”

“வரும். பாடு.”

பிச்சைமுத்து பாடினான். புங்கமரத்தடியிலிருந்து கொளஞ்சி “கழுதைகளா! ஐயோ மாமா!” என்று உருண்டான். மூன்றாவது வரிக்கும் நாலாவது வரிக்கும் நடுவே பிச்சைமுத்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நின்று வானத்தைப் பார்த்தான். வைரக்கண்ணு அதைக் கவனித்தானா என்றால், கவனிக்கவில்லை. அவன் கொளஞ்சி உருளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டின்மேல் அவனுக்கு அப்படி ஒரு மோகம் வந்துவிட்டது. மண்டியிலும் அதே நினைப்பு. மூட்டை ஏற்றும்போது “லாபம்” என்பான், அடுத்த மூட்டைக்குள் ஒரு வரி பாடுவான். ஒரு நாள் குன்னம் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்து கடலை ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

“என்ன பாட்டுங்க அது?”

எண்ணிக்கையைத் தவிர வேறு எதையும் அவனிடம் எந்த வண்டிக்காரனும் அதுவரை கேட்டதில்லை. வைரக்கண்ணு குளிர்ந்துபோனான். தராசை நிறுத்திவிட்டு நாலு வரியையும் ராகத்தோடு பாடிக் காட்டினான்.

“நல்லாருக்கே! இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னான். அவர்கள் கேட்கக் கேட்கச் சொன்னான். பெரம்பலூர்ப் பக்கத்து ஆட்களே ரசிக்கிறார்கள் என்றால் பாட்டுக்கு இதைவிட என்ன மதிப்பு வேண்டும் என்று பூரித்துப்போனான். எந்தப் பாட்டை எவனுக்குப் பாடிக் காட்டுகிறோம் என்று அந்த மண்டையில் ஏறவே இல்லை.

மேட்ச் ஞாயிற்றுக்கிழமை. பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி அதன் புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஏறும். ஆட்டக்காரர்களும் வாத்தியாரும் முன்பக்கம், ரசிகர்கள் பின்பக்கம், அதுதான் வழக்கம். வைரக்கண்ணு முதல் தடவையாக முன்பக்கம் ஏறினான்.

ஏறியதும் கண்டக்டரின் காக்கிச் சட்டையைப் பற்றி ஒன்று சொன்னான். நல்ல வார்த்தைதான். பின்பக்கத்தில் சொல்லியிருந்தால் கூரை பறந்திருக்கும். ஆட்டக்காரர்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். பிச்சைமுத்து உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தான், மூன்றாவது வரியில் நின்றான், மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். வைரக்கண்ணு இன்னொன்று சொன்னான். ஒருத்தன், “கொஞ்சம் சும்மா இருங்க வாத்தியாரே, வயித்தக் கலக்குது,” என்றான்.

அப்போது பின்பக்கத்திலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. யார் சொன்னது, என்ன சொன்னது, ஒன்றும் தெரியவில்லை. வைரக்கண்ணு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தான் இல்லாமல் அங்கே சிரிக்கிறார்கள் என்பதை அவனால் தாங்க முடியவில்லை. பெரம்பலூர் வரும்வரை அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

பெரம்பலூரில் களம் ஊருக்கு வெளியே ஒரு கரம்பு நிலத்தில். ஒரு பக்கம் பெரம்பலூர்க் கூட்டம், எதிர்ப் பக்கம் அரியலூர்க் கூட்டம். அரியலூர்க் கூட்டத்தின் முன்வரிசையில், துண்டை விரித்து, காலை நீட்டி, மடியில் வெள்ளரிப்பிஞ்சோடு அமிர்தசாமி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கொளஞ்சி. வைரக்கண்ணு அவர்களுக்கு முன்னால் கோட்டோரத்தில் போய் நின்றான். கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலில் கட்டிக்கொண்டான், பிறகு இடுப்பில் வைத்தான்.

பிச்சைமுத்து பாடிப் போனான். “வரகஞ்சோத்து வயிறுகளா” என்று களம் அதிர எடுத்தான். அரியலூர் விசில் அடித்தது. “வாய்பிளந்த சாக்குகளா” என்று உள்ளே பாய்ந்து ஒருத்தன் தோளில் தட்டியும் விட்டான். அப்படியே திரும்பியிருந்தால் போதும். ஆனால் பாட்டில் இன்னும் இரண்டு வரி பாக்கி இருக்கிறதே! நாலாவதில்தானே உயிர்! “தொறையூருச் சந்தையில” என்றான். பிறகு, “சந்தையில” என்றான். இன்னொரு தடவை, “சந்தையில” என்றான். எதிராளியின் எல்லைக்குள், எல்லோரும் கையை விரித்துக்கொண்டு வளைத்து நிற்கும்போது, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெரம்பலூர் செட்டில் மூலைப் பிடி பிடிக்கிற ஒரு நெட்டையன் பொறுக்கமாட்டாமல் எடுத்துக் கொடுத்தான்:

“தொலைஞ்சுபோன கழுதைகளா!”

“ஆங்!” என்றான் பிச்சைமுத்து, முகமெல்லாம் மலர்ந்து. மூச்சு போயிற்று. பெரம்பலூர் மொத்தமும் அவன்மேல் விழுந்தது.

அதோடு விட்டார்களா? அடுத்துப் பாடி வந்த பெரம்பலூர்க்காரன் அதே பாட்டைப் பாடிக்கொண்டே வந்தான். அந்தப் பக்கத்தில் அவர்களுடைய கூட்டம் ஒன்றாகச் சேர்ந்து கோரஸ் கொடுத்தது. நாலு வரியும் தண்ணீராக ஓடியது. ஒருத்தனுக்கும் ஒரு சொல்கூடத் தட்டவில்லை. வண்டிக்காரர்கள் அவ்வளவு நன்றாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள்.

வைரக்கண்ணுவின் பின்னால் ஒரு குரல் எழுந்தது. இத்தனை வருஷமாக அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்வதைத் தவிர வேறு எதற்கும் பயன்படாத குரல்.

“யோவ் வாத்தியாரே! நம்மாளுக்குச் சொல்லிக் குடுத்தத விட அவனுங்களுக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கியேய்யா! அங்கயே இருந்துடு! அந்தச் செட்டுதான்யா ஒன் செட்டு!”

சிரிப்பென்றால் அப்படிச் சிரிப்பு. பெரம்பலூர்க் கூட்டமும் சேர்ந்து சிரித்தது. தன்னுடைய ஆயுள்காலத்தில் வைரக்கண்ணு இரண்டு ஊரை ஒன்றாகச் சிரிக்க வைத்ததில்லை. அது நல்ல வார்த்தை என்று அவனுக்கே தெரிந்தது. அதுதான் அவனை அறுத்தது. இதற்கு ஒரு பதில் கொடுக்காமல் விட்டால் தான் செத்த மாதிரி. சுழன்று திரும்பினான். வாயைத் திறந்தான்.

“திரும்பிப் பாக்குறான்யா! இங்க என்னய்யா பார்வ? ஆட்டத்தப் பாரு!” என்றான் கொளஞ்சி.

மறுபடி சிரிப்பு. வைரக்கண்ணு முன்பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு பற்றி எரிந்தது. ஆட்டம் முடிகிறவரை அங்கேயே நின்றான். அரியலூர் எவ்வளவு கேவலமாகத் தோற்றது என்று எழுதி ஆவது ஒன்றுமில்லை.

பஸ்ஸடியில் பிரசிடெண்ட் ஒரே வார்த்தையில் முடித்தார். “நாளைலேர்ந்து நீ வர வேணாம்பா வைரக்கண்ணு.”

வெட்கப்பட வேண்டியவன் சந்தோஷப்பட்டான். கும்பிட்டுவிட்டு ஓட்டமாகப் பின்பக்கம் போய் ஏறினான். விட்டது சனி. இனி யார் வாத்தியாராக வந்தால் என்ன, தன் இடம் தனக்கு. கொளஞ்சிப் பயல் ஏதோ ஒரு நாள் வாய்க்கொழுப்பில் பேசிவிட்டான், போகட்டும்.

பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கண்டக்டர் பின்னால் போய் அடுப்புக்குக் காற்றாடியைச் சுற்றிக்கொண்டிருக்க, எல்லோரும் இறங்கி ரோட்டோரத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் கொளஞ்சி, சுற்றிலும் கூட்டம். வைரக்கண்ணு ஆட்களை விலக்கிக்கொண்டு போய் நடுவில் உட்கார்ந்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். அவசரமில்லாமல் தொடங்கினான்.

“இந்தப் பிச்சைமுத்துப் பய இருக்கானே…”

“நீ சும்மா இருய்யா,” என்றான் கொளஞ்சி.

மாமா இல்லை. வெறும் ‘ய்யா’.

“என்னடா?”

“சும்மா இருன்னேன். ஊருக்கு முன்னால நின்னு சந்தி சிரிக்க வெச்சுட்டு, இப்ப அவனப் பேச வந்துட்டியா? பிச்சைமுத்தாவது பாட்டத்தான் மறந்தான். நீ எந்த ஊருக்காரங்கறதையே மறந்துட்டியே!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “ஆமாய்யா, வாத்தியாரா இருந்தவன்லாம் பேசப்படாது,” என்றார் காபி கிளப் முதலாளி. வைரக்கண்ணு இன்னொரு தடவை வாயெடுத்தான். ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை. ஆட்கள் கொளஞ்சிப் பக்கமாக நகர நகர, அவன் கூட்டத்துக்கு வெளியே வந்துவிட்டான்.

அங்கே வெளியோரத்தில் அமிர்தசாமி உட்கார்ந்திருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குப் பல் இருக்கிறது என்பதே வைரக்கண்ணுவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பக்கத்தில் போய்க் குந்தினான். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார், மடியிலிருந்து ஒரு வெள்ளரிப்பிஞ்சை எடுத்துக் கொடுத்தார். அவன் அதை வாங்கிக் கடித்தான். பிறகு கேட்டே விட்டான்.

“ஏன் வாத்தியாரே, எத்தன வருஷமா நான் ஒங்க முதுகுக்குப் பின்னால ஒக்காந்து பேசியிருக்கேன். ஊரே சிரிக்கும். நீங்க மட்டும் அசையாம நிப்பீங்க. சிரிப்ப அடக்கிக்கிட்டுத்தான நின்னீங்க? உண்மையச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

அமிர்தசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பழைய கணக்குத் தீர்க்கிற குஷியும் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று மெனக்கெட்டு வருஷம் வருஷமாக நினைத்துப் பார்க்கிறவர்போல இருந்தார்.

“இல்லீங்களே,” என்றார். “சிரிப்பு வந்திருந்தா சிரிச்சிருப்பேன்.”

கூட்டத்துக்கு நடுவில் கொளஞ்சி அடுத்ததைத் தொடங்கியிருந்தான். அது சரியாகக் கேட்கவில்லை என்று அமிர்தசாமி எழுந்து கொஞ்சம் கிட்டே போய் உட்கார்ந்தார்.